காலை வணக்கமும் ஒரு பதில்தான்

"வீரர் அல்லது வீராங்கனை ஒருவர் தமது கழகத்தை விட்டு வேறு கழகத்தில் சேர விரும்பின், எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்து முப்பது நாட்களுக்குள் கழகம் எழுத்து மூலம் பதிலளிக்காவிடில், விடுவிப்பு வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும்."

இது எங்கள் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் யாப்பில் பதினோராம் விதி, உபபிரிவு ஆ. எழுதியவள் நான்.

சம்மேளனம் என்றவுடன் கட்டடம், கொடி, காரியாலயம் என்று எதையும் கற்பனை செய்ய வேண்டாம். மொன்றியலில் இருக்கிற சில தமிழ்ப் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கங்கள் ஆளுக்கொரு கழகம் வைத்து, லவாலில் ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து விளையாடுகின்றன. அவ்வளவுதான். தொடங்கும்போது யாப்பு எழுத ஆள் தேடினார்கள். ஆண்கள் எல்லோருக்கும் தலைவராக வேலை இருந்தது. நான் மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நிர்வாக உத்தியோகத்தராக இருந்தவள். இங்கே வந்த பிறகு ஓர் அரச அலுவலகத்தில் பிறருடைய மேன்முறையீடுகளைக் கோவைப்படுத்தி ஓய்வு பெற்றவள். இரண்டு நாடுகளில், மூன்று மொழிகளில், "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது" என்று எழுதி வயிறு வளர்த்திருக்கிறேன். பதில் வராமல் இருப்பது எப்படி என்பதை மறுபக்கத்திலிருந்து படித்தவள் ஆதலால், பதிலே சொல்லாமல் ஒருவரும் தப்பிக்க முடியாதபடி அந்த விதியை எழுதினேன். தண்ணீர் கசியாத விதி என்று அப்போது எனக்குள் ஒரு பெருமை.

செயின்ட்-மிஷேலில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. பின்பக்கத்தில் நாலைந்து மேசை, பால் விடாத பிளேன்ரீ, இறைச்சி ரோல்ஸ். யூன் மாதம் பிறந்தால் அந்த மேசைகளில் ஒரே கதைதான். அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்துப் போட்டியில் ஒப்பந்தம் முடிந்த நட்சத்திரங்கள் எந்த அணிக்குப் போவார்கள்? இதற்கு ஃபிறீ ஏஜென்சி என்று பெயர். ஒப்பந்தம் முடிந்தவன் ஒருவருக்கும் சொந்தமில்லை. அவன் விரும்பிய அணியோடு கையெழுத்திடலாம், பழைய அணி வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். கடையில் இருக்கிற எவரும் அந்த வீரர்களை நேரில் கண்டதில்லை. ஆனால் அவர்களுடைய சம்பள வரம்பு, வரி, மனைவியின் விருப்பம், முழங்கால் சவ்வு எல்லாம் விரல் நுனியில்.

நான் சொல்லும் அந்த யூனில் எல்லோருடைய வாயிலும் ஒரே ஒருவன்தான் இருந்தான். நெடுந்துரும்பு மாதிரி ஒரு மனிதன்.

"அவன் லொஸ் ஏஞ்சல்ஸுக்குத்தான். எழுதி வையுங்கோ."

"போகான். அங்க சம்பள வரம்பு முட்டிப்போச்சு. குறைச்சு வாங்கினாத்தான் இடம்."

"அவன் ஏன் குறைச்சு வாங்கவேணும்? உன்னை மாதிரி மாமனாற்ற கடையிலயே வேலை செய்யிறான்?"

"மயாமி," என்றார் நடுவில் இருந்தவர். "கடல், வெயில், மாநில வரி இல்லை. வேற என்ன வேணும் ஒரு மனிசனுக்கு?"

"ரொறன்ரோவுக்கு வரமாட்டானோ அண்ணை?"

"ரொறன்ரோவுக்கு ஓடுறது இஞ்ச பிரெஞ்சு வராத எங்கட சனம்தான். அவனுக்கு என்ன, பிரெஞ்சுச் சோதனையிலயே பெயில்?"

நடுவில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக் கழகம் ஒன்றின் தலைவர். நல்ல மனிதர். என் தங்கையின் கணவருடைய வகுப்புத் தோழர். தங்கைக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தபோது, ஒரு கிழமை முழுக்கச் சோறும் கறியும் அடுக்குச்சட்டியில் கொண்டுவந்து தந்தவர். பெரிய போட்டியின் சட்டங்களை அவர் எனக்கு அன்று ஒரு மணித்தியாலம் விளக்கினார். வீரர் தானே விலகும் உரிமை, அணி நீடிக்கும் உரிமை, பேசலாம் ஆனால் கையெழுத்திடக் கூடாத நாட்கள் என்று ஒவ்வொன்றாக. கச்சேரியில் இருந்திருந்தால் அரச ஊழியர் விதிகள் அடங்கிய தாபனக் கோவையை மனப்பாடம் செய்திருப்பார்.

"எங்கட யாப்ப வாசிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அது நீங்கள் எழுதினதுதானே அக்கா. பேந்து நான் ஏன் வாசிக்கவேணும்?"

இதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

அவருடைய கழகத்தில்தான் என் தங்கையின் மகள் விளையாடினாள். என்னைப் பெரியம்மா என்று அழைப்பவள். எனக்குப் பிள்ளைகள் இல்லை, ஆகவே எங்கள் முறைப்படி மட்டுமல்ல, எப்படிப் பார்த்தாலும் எனக்கும் மகள்தான். கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. இடக்கைக்காரி. பெண்கள் பிரிவில் அவளுடைய பெயர் சொன்னால் எதிர் அணிப் பிள்ளைகள் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டுவார்கள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தகப்பனின் கழகத்தில் நீலச் சட்டை போட்டு விளையாடி வந்தாள்.

தாயின் கழகத்திலும் அவள் விளையாடியிருக்கலாம். யாப்பின் நாலாம் விதி, தகப்பனின் அல்லது தாயின் பள்ளிக்கூடம் என்று சொல்கிறது. அந்த விதிக்காக நடந்த சண்டையை நான் மறக்கவில்லை. வடக்குக் கழகங்கள் தகப்பன் வழி மட்டும் என்று நின்றன. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்திலோ குடி, அதாவது குலம், தாய்வழி. பிள்ளையிடம் எந்தக் குடி என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்லும். கோயில் திருவிழாவில் பங்கு, முறை எல்லாம் அதன்படியே. "அப்ப தகப்பன் என்ன வாடகைக்கோ?" என்று ஒருவர் கேட்டார். "விளையாட்டுல அப்பிடித்தான்" என்று நான் சொன்னேன். கடைசியில் இரண்டு வழியும் செல்லும் என்று முடிவாயிற்று. ஆனால் மகள் முதன்முதலாகப் பதிந்த நாளில் படிவத்தை நிரப்பியவர் தகப்பன். பிறகு என்ன, நீலம்தான்.

என் தங்கையும் விளையாடியவள். அமெரிக்கப் பாதிரிமார் வந்து பள்ளிக்கூட வளவுகளில் வளையம் நட்ட ஊர் எங்களுடையது. யாழ்ப்பாணத்தார் கிரிக்கெட்டையும் உதைபந்தையும் கட்டிக்கொண்டு இருந்தபோது, எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் கூடைப்பந்து தெரியும். தங்கை குள்ளம். பந்தை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் நிற்பாள். மைதானம் முழுவதையும் ஒரே பார்வையில் காணும் கண் அவளுக்கு என்பார்கள்.

அந்தக் கண்ணைத்தான் நீரிழிவு தின்றது. விழித்திரையில் இரத்தக் கசிவு. ஊசி போட்டார்கள், ஒளிக்கதிர் பாய்ச்சினார்கள், வெட்டினார்கள். வைத்தியர் பிரெஞ்சில் நெடுநேரம் பேசினார். மகள் அதைத் தமிழில் ஒரு வரியாகச் சுருக்கினாள்: "வாற குளிர்காலம் வரைக்கும் கண் தாங்கினா அதிசயமாம்."

அது மார்ச் மாதத்தில். கடைசி ஆட்டங்களுக்குத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனோம். மண்டபத்தின் சுவர்கள் இளநீலம். திரும்பி வரும்போது காரில் தங்கை மகளிடம் சொன்னாள், "நீலச் சட்டையில நீ ஓடினா சுவரும் நீயும் ஒண்டாத்தான் தெரியுது மனே. எங்கட பள்ளிக்கூடத்துச் சிவப்புச் சட்டைக்காரங்கதான் நல்லாத் தெரியிறாங்க." மகள் அடுத்த ஆட்டத்தில் தலையில் அகலமான ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். "ஒரு புள்ளி ஓடுது," என்றாள் தங்கை. "நீதானா, ஏதும் பூச்சியா?" இரண்டாவது பாதியில் நடுவர் வந்து சீருடை விதியைக் காட்டி நாடாவைக் கழற்றச் சொன்னார். அந்த விதியும் நான் எழுதியதுதான்.

யூனில் ஒரு மாலை தங்கையின் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். தங்கை பயற்றங்காயைக் கையால் தடவித் தடவி முறித்துக்கொண்டிருந்தாள். மகள் வேலை முடிந்து வந்த உடுப்போடு நின்றாள்.

"பெரியம்மா, நான் ஒரு வருசம் அம்மாட ஸ்கூலுக்கு விளையாடப்போறன். சிவப்புல. என்ன செய்யோணும்?"

"எழுத்துல கேக்கோணும்."

"சும்மா கேட்டாக் காணாதா? தலைவர் நம்மட அங்கிள்தானே."

"சும்மா கேட்டா சும்மா ஓம் எண்டுவார். பொறகு சும்மா இல்லை எண்டுவார்."

"எனக்காக ஒண்டும் வேணாம்," என்றாள் தங்கை. கை மட்டும் நின்றுவிட்டது. பிறகு சொன்னாள், "சிவப்புல நீ இடக்கையால போட்டா எனக்குத் தெரியும் எண்டு நினைக்கிறன்."

அவளுடைய கணவர் வாசலில் நின்றபடி இதைக் கேட்டார். "மச்சாள், என்ர வாயைக் கிண்டாதேங்கோ. அவன் என்ர வகுப்பு. நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை." அவர் தமது வாழ்க்கை முழுவதையும் அந்த வாக்கியத்தால் நடத்தி வந்தவர். எனக்கு ஆச்சரியமில்லை.

நான் விண்ணப்பத்தை எழுதினேன், மகள் கையெழுத்திட்டாள், பதிவுத் தபாலில் அனுப்பினோம். தலைவர் உடனே தொலைபேசியில் வந்தார்.

"என்னக்கா இது, பக்கத்துத் தெருவில இருந்து பதிவுத் தபாலோ? நான் கோர்ட்டுக் கடிதமாக்கும் எண்டு பயந்துபோனன்."

"பதிலும் அப்பிடியே எழுத்துல தாங்க."

"அவள் எங்கட பிள்ளை அக்கா. எங்கட பிள்ளையை நாங்கள் விடுவிக்கிறதெண்டா, ஆர் கட்டி வைச்சது?"

"கட்டி வைக்கல்லயெண்டா எழுதித் தாங்க."

"கமிற்றி கூடவேணும். அதுதானே முறை? நீங்களே சொல்லுவியள்."

முறைதான். நிருவாகசபை கூட வேண்டும். கூடுவதற்குக் கோரம் வேண்டும், அதாவது உறுப்பினரில் பாதிக்கு மேல் வந்திருக்க வேண்டும். அவருடைய நிருவாகசபையில் பாதிக்கு மேல் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்து பல வருடங்கள். ஒருவரும் பதவி விலகவில்லை. விலகச் சொல்லவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. பெயரை எடுத்தால் அவர்களுடைய மனம் நோகுமாம். தொலைபேசி வழியாகக் கூட்டம் நடத்தினால் என்ன என்று கேட்டேன். "மூத்தவை இருக்கினம். முகத்தைப் பார்த்துத்தானே கதைக்கவேணும்." ஆகவே மொன்றியலில் ஒரு கழகம் இருந்தது, அதன் முகங்கள் எல்லாம் ஐந்து மணித்தியாலப் பயணத் தூரத்தில் இருந்தன.

மகளின் விண்ணப்பம் கடைக்குள் பரவியதும், நெடுந்துரும்புக்காரனோடு அவளும் ஃபிறீ ஏஜென்ற் ஆகிவிட்டாள். இருவரையும் ஒரே மூச்சில் பேசினார்கள். அவன் மயாமிக்கா லொஸ் ஏஞ்சல்ஸுக்கா, இவள் நீலத்திலா சிவப்பிலா. பூங்காவில் நடந்த கோடை ஒன்றுகூடலில் ரொறன்ரோக் கழகமொன்றின் பொறுப்பாளர் வேறு வந்து சேர்ந்தார். வெள்ளைச் சப்பாத்து, கறுப்புக் கண்ணாடி.

"தங்கச்சி, அங்க வாங்கோ. விடுவிப்பு, கடிதம் ஒண்டும் தேவையில்லை. வேலையும் பார்த்துத் தாறம். ஆஸ்பத்திரியில இங்கிலீஷில கதைச்சாக் காணும்."

"நான் பிரெஞ்சில படிச்சனான் அண்ணா. இங்கிலீஷில ஊசி போட்டா நோயாளி செத்துப்போவான்."

"பகிடி விடாதேங்கோ. இஞ்ச இருந்து என்ன காணப்போறீங்கள்?"

"நான் காண இல்ல," என்றாள் மகள். "அம்மா காணத்தான்."

அவருக்கு அது விளங்கவில்லை. இரண்டு ரோல்ஸ் எடுத்துக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போனார். அந்தப் பிள்ளை சிவப்பு அணிக்காரி. ஆவணியில் ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள்.

யூலைத் தொடக்கத்தில் நெடுந்துரும்புக்காரன் லொஸ் ஏஞ்சல்ஸோடு ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டான். பேசத் தொடங்கிய அன்றே முடிந்துவிட்டதாம். தலைவர் மயாமி என்று சொல்லித் தோற்றதற்காக எல்லோருக்கும் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தார். "பார்த்தீங்களா அக்கா, சட்டம் எண்டா இப்பிடி இருக்கவேணும். போறவன் போறான், வாறவன் வாறான்." நான் தேநீரைக் குடித்தேன். சீனி அதிகம்.

முப்பது நாள் கழிந்தது. பதில் இல்லை. நான் யாப்பின் பதினோராம் விதியை மேற்கோள் காட்டி, விடுவிப்பு வழங்கப்பட்டதாகக் கொள்ளுமாறு சம்மேளனத்துக்கு எழுதினேன். சிவப்பு அணி அவளுக்கு ஒரு சட்டையும் தைத்துவிட்டது. தங்கை அதை மடியில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். "நல்ல சிவப்பு," என்றாள்.

ஆவணி மாதம் சம்மேளனக் கூட்டம், ஒரு கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில். மேலே பூசை மணி, கீழே நிகழ்ச்சிநிரல். சம்மேளனத்தின் தவிசாளர் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் இருபக்கமும் சமன் செய்யாமல் விடமாட்டார். நான் விதியை வாசித்தேன். பதில் வந்ததா என்று அவர் தலைவரைக் கேட்டார்.

தலைவர் எழுந்தார். கைத்தொலைபேசியை எடுத்தார். "அக்காவுக்கு நான் ஒவ்வொரு நாளும் எழுத்தில போட்டனான்," என்றார்.

உண்மை. அவர் தினமும் விடியற்காலையில் தமக்குத் தெரிந்த எல்லோருக்கும் ஒரு படம் அனுப்புவார். ரோசாப்பூ, குத்துவிளக்கு, வெள்ளிக்கிழமையென்றால் பிள்ளையார். கீழே "காலை வணக்கம். இந்த நாள் இனிய நாளாகட்டும்." அந்த முப்பது நாளிலும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. திரையை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். பூக்கள் ஓடின.

"இது எல்லாருக்கும் அனுப்புற படம்," என்றேன்.

"உங்களுக்கும் வந்ததோ இல்லையோ?" என்றார் தவிசாளர்.

"வந்தது. ஆனா இது பூ."

"பூவுக்குக் கீழ எழுத்திருக்குத்தானே."

"விண்ணப்பத்தப் பத்தி அதுல ஒரு சொல் இருக்கா?"

"விண்ணப்பத்தைப் பற்றித்தான் எழுதவேணும் எண்டு உங்கட விதியில இருக்கோ? எழுத்து மூலம் பதில் எண்டுதானே கிடக்கு," என்றார் தவிசாளர், கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தபடி. "இஞ்ச பாருங்கோ, நீங்களும் பதிலுக்குக் கும்பிடுற கைப் படம் போட்டிருக்கிறியள். ஒருக்கா இல்லை, ரெண்டுதரம்."

மண்டபத்தில் சிரிப்பு. பகையில்லாத சிரிப்பு, அதுதான் இன்னும் மோசம். சிரிக்காதவர் ஒருவர் மட்டுமே, தலைவர். அவர் தாம் சொன்னதை முழுமையாக நம்பினார். தினமும் விடிய எழும்பி ஒரு மனிசியை நினைத்து வணக்கம் சொல்கிறேன், அதைப் பதில் இல்லை என்கிறாளே என்று அவருடைய முகம் வாடியிருந்தது.

தவிசாளர் தீர்ப்பை எழுதுவித்தார்: "இரு தரப்பினருக்கும் இடையே தொடர்ச்சியான எழுத்துத் தொடர்பு நிலவியமையால், மௌனம் எனக் கொள்வதற்கு இடமில்லை. கழகம் கூடி முடிவெடுக்கும்வரை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்." நான் வாழ்நாளில் பல கெட்ட முடிவுகளைக் கோவைப்படுத்தியிருக்கிறேன். இவ்வளவு அழகாக எழுதப்பட்ட ஒன்றைக் கண்டதில்லை.

மேன்முறையீடு செய்தேன். மேன்முறையீட்டுக் குழு என்பது கழகத் தலைவர்கள் மூவர், மூவரும் இருந்தால்தான் அதற்குக் கோரம். அவர்களில் ஒருவர் நம் தலைவர். தமது சொந்த விவகாரம் ஆகையால் தாம் விலகி நிற்பதாகப் பெருந்தன்மையோடு அறிவித்தார். அவர் விலகியதும் அந்தக் குழுவுக்கும் கோரம் இல்லாமல் போயிற்று.

நிலுவையில் விண்ணப்பம் உள்ளவர் எந்தக் கழகத்துக்கும் விளையாட முடியாது. அது உபபிரிவு இ. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால் மறுநாளே நீலத்தில் இறங்கலாம். புரட்டாதியில், போட்டி தொடங்குவதற்கு முன், இதைச் சமையலறையில் வைத்துச் சொன்னேன்.

"திருப்பி வாங்கு மனே," என்றாள் தங்கை. "நீலத்திலயாவது விளையாடு. காலும் கையும் எப்பவும் இப்பிடி இருக்காது."

"நீலத்துல விளையாடினா உங்களுக்கு ஆரெண்டு தெரியும்?"

"சத்தத்துல கண்டுபிடிப்பன்."

"பதில் வரும் அம்மா. எத்தினை நாளைக்கு வராம இருக்கும்? பெரியம்மா, வரும்தானே?"

என்னிடம் கேட்டாள், ஏனென்றால் இந்த விடயங்களில் எனக்கு அனுபவம் உண்டு. அனுபவம் உண்டு என்பதால் பாத்திரத்தைக் கழுவினேன்.

அவள் காத்திருந்தாள்.

குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் லவாலுக்குப் போனோம். நடுவில் தங்கை, ஒருபுறம் நான், மறுபுறம் மகள். மகளின் மேலங்கிக்குள் அந்தச் சிவப்புச் சட்டை இருந்தது. பதில் இடையில் வந்தால் அப்படியே இறங்கலாம் என்று. சிவப்பு அணியில் விளையாட ஐந்து பேரும் மாற்றுக்கு ஒருத்தியும் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் தோற்றார்கள். நீல அணியும் சும்மா வெல்லவில்லை, அவள் இல்லாமல் அவர்களும் தடுமாறினார்கள். தலைவர் எங்கள் வரிசைக்கு வந்து தங்கைக்குக் குடுவையிலிருந்து சூடான கோப்பி ஊற்றித் தருவார். "பிள்ளையைக் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கோ," என்பார். கூட்டம் எப்போது என்று கேட்டால், "தைப்பொங்கலுக்கு அவை வருவினம்" என்பார். பொங்கலுக்குப் பனிப்புயல் வந்தது. அவர்கள் வரவில்லை.

மகள் ஆட்டத்தைத் தாய்க்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். "இப்ப பந்து வலப்பக்கம். நடுவுல ஆளில்ல. குடுக்கிறா. ஐயோ, குடுக்கல்ல."

"குடுக்கிறதுக்கு எனக்கு ஆள் தெரியும்," என்பாள் தங்கை. "கண்ணுதான் தெரியாது."

ஆரம்பத்தில் அவளுக்குச் சிவப்பு தெரிந்தது. மண்டபத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிவப்பு போவதும் வருவதும். ஒரு முறை கையை நீட்டி, "அங்க ஓடுறது நீதானே?" என்றாள். "நான் உங்களுக்குப் பக்கத்துல இருக்கன் அம்மா," என்றாள் மகள். "ஓம் ஓம்," என்று தங்கை சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் கைநீட்டிக் காட்டுவதை விட்டுவிட்டாள்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்று. முதற்பாதி நடந்துகொண்டிருந்தது. சிவப்பு அணிப் பிள்ளைகள் எங்களுக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், கோட்டோரமாகப் பந்தை எறிய நின்றார்கள். சப்பாத்துகள் தரையில் கிறீச்சிட்டன.

தங்கை எங்கள் பக்கம் திரும்பினாள். "இண்டைக்கு எங்கட ஆக்கள் வரல்லையா? சிவப்பக் காணல்லையே."

மகள் தன் மேலங்கியின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டினாள். பிறகு சொன்னாள், "வந்திருக்காங்க அம்மா. இண்டைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருக்காங்க."

"அதென்ன புதுப் பழக்கம்," என்றாள் தங்கை.

பிழையான கூற்று ஒன்று என் முன்னால் பதிவாகும்போது திருத்தாமல் விட்டது என் உத்தியோக வாழ்வில் இல்லை. அன்று விட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு தங்கை வரவில்லை. கால் வலி என்றாள். மகள் இரவுப் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், ஞாயிறு பகலில் தூங்குவதற்காக. வசந்தத்தில் சிவப்பு அணியில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது, இன்னொருத்தி ரொறன்ரோவில் வீடு வாங்கினாள். அணியை அடுத்த வருடத்துக்குப் பதியவில்லை. கழகத்தின் கடிதத்தில் "தற்காலிகமாக" என்று எழுதியிருந்தார்கள். தற்காலிகம் என்ற சொல்லின் ஆயுட்காலம் எனக்குத் தெரியும்.

யூன் கடைசியில் லவாலில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை நீலக் கழகத்து ஆள். ஆகவே ரொறன்ரோவிலிருந்து நிருவாகசபை உறுப்பினர்கள் எல்லோரும் மனைவி மக்களோடு வந்து இறங்கினார்கள். சாப்பாட்டு மேசை ஒன்றில் அவர்கள் தற்செயலாக ஒன்றாக அமர்ந்திருப்பதைத் தலைவர் கண்டிருக்கிறார். எண்ணிப் பார்த்தால் கோரம் இருந்தது. அந்த இடத்திலேயே கூட்டத்தைத் தொடக்கியிருக்கிறார். நிலுவையில் இருந்த முதலாவது விடயம் எங்களுடையது. பாயசம் வருவதற்குள் ஏகமனதாக நிறைவேறியதாம். எதிர்ப்பு இல்லை. எதிர்ப்பதற்கு என்ன இருக்கிறது, எங்கட பிள்ளைதானே.

வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து மொன்றியலில் எல்லோரும் ஒரே நாளில் வீடு மாறுவார்கள்; அந்த நாளில் தலைவர் கடிதத்தைத் தாமே கையோடு கொண்டுவந்தார். தெரு முழுக்க மெத்தைகளும் உடைந்த கதிரைகளும். அவற்றுக்கிடையில் வழி தேடி, வியர்த்து, தங்கையின் வீட்டுப் படியேறி வந்தார். பதிவுத் தபாலில் அனுப்பவில்லை என்று நான் கோபிக்கக் கூடாதாம். கடையிலிருந்துதான் வந்திருந்தார். நெடுந்துரும்புக்காரனின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இந்த முறை நிச்சயமாக மயாமிதான் என்றார். மகள் வேலையால் வந்து உறங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பவில்லை.

தங்கை கடிதத்தைக் கையில் வாங்கினாள். தாளைத் தடவினாள்.

"பதில் வந்திட்டுதா?"

"ஓம் தங்கச்சி," என்றார் தலைவர். "நாங்கள் ஒருநாளும் மறிக்கேல்லை."

"அண்ணைக்கு ஒரு தேத்தண்ணி போடு அக்கா," என்றாள் தங்கை. கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

வாசித்தேன். சிவப்புக் கழகத்தில் சேர்வதற்கு விடுவிப்பு வழங்கப்படுகிறது, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். எழுத்துப்பிழை இல்லை. முத்திரை சரியான இடத்தில் இருந்தது. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லாத கடிதம். மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, கிடைத்த கடிதங்களுக்கு நான் எப்போதும் செய்வதுபோல, வலது மேல்மூலையில் பெறப்பட்ட திகதியைக் குறித்தேன்: யூலை ஒன்று.